வால்டன்ரோடே ரயிலில் ஏறாத முப்பத்திரண்டு பேர்

எட்டு வருடமாக அரியரத்தினம் கண்ட ஜெர்மனி பெரும்பாலும் ஒரு சன்னலுக்கு வெளியே தெரிந்த ஜெர்மனிதான். வால்டன்ரோடே ரயில் நிலையத்துக்கு நேரெதிரே ஒரு நாலுமாடிக் கட்டடம். முந்தி அதில் ரயில்வே ஊழியர்கள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஊரில் ஆள் குறைந்து கட்டடம் வெறிச்சோடியதும், அகதி விண்ணப்பக்காரரைக் கொண்டுவந்து நிரப்பி, அதற்கு ஹைம் என்று பெயர் வைத்தார்கள். எண்பத்தாறு பேர். மூன்றாம் மாடியில் பதினேழாம் அறை அரியரத்தினத்தினுடையது. அவர், மனைவி தேவமலர், மகள் ஆதிரை. சன்னலைத் திறந்தால் மேடை, மணிக்கூடு, தண்டவாளம், அதற்கப்பால் காடு. வேறொன்றும் இல்லை.

ஊரில் அவர் கொக்குவில் சங்கக்கடை ஒன்றுக்கு மனேச்சராக இருந்தவர். தொண்ணூற்றொன்பதில் இரண்டு வயதுப் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தார். விண்ணப்பத்தை இரண்டு முறை தள்ளுபடி செய்துவிட்டு, கையில் டுல்டுங் என்றொரு கடதாசியைக் கொடுத்தார்கள். அந்தக் கடதாசியின் அர்த்தத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னால் இதுதான்: உன்னை ஏற்றுக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்புவதை மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. எட்டு வருடத்தில் எத்தனை முத்திரை என்று நீங்களே பாருங்கள்! அந்தக் கடதாசி வைத்திருப்பவர் மாநில எல்லையைத் தாண்டப்படாது. தாண்டிப் பிடிபட்டால் முதல் முறை தண்டம், அடுத்த முறையும் தண்டம், அதற்குமேல் நீதிமன்றம். அரியரத்தினம் ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டவர்.

அவர் ஊர் சுற்றப் போய்ப் பிடிபட்டவரல்ல, பாவம். வேலைக்குப் போய்ப் பிடிபட்டவர். இதைச் சொல்வதென்றால் அந்தத் தண்டவாளத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் அந்தப் பக்கத்துக்கு ரயில் பாதை போட வந்த பொறியியலாளர்களுக்கு நேர்வழியாகப் போக மலையொன்று இடைஞ்சலாக இருந்தது. குடைவதற்குப் பஞ்சிப்பட்டு, ஆற்றைப் பிடித்துக்கொண்டு வளைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் அதுவரை பெரிய சந்தை கூடிய ஊர், ரயில் கிடைக்காமல் இருபது வருடத்தில் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு மாவு ஆலையும் பன்னிரண்டு வீடும் மட்டுமே இருந்த வால்டன்ரோடேக்குக் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, இரண்டு மாடி வீடுகள் வரிசையாக எழும்பின. பிறகு யுத்தம் முடிந்து நாட்டை இரண்டாகப் பிரித்தபோது, பிரித்தவர்களும் அந்த ஆற்றைத்தான் பிடித்தார்கள். பாதை வளைந்து போன இடத்தில் இரண்டு நிலையங்கள் மேற்கிலே மாட்டிக்கொண்டன. தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டார்கள். நாற்பது வருடம் வால்டன்ரோடே முட்டுச்சந்தாகக் கிடந்தது. சுவர் விழுந்தபிறகு மறுபடியும் தண்டவாளம் போட்டு, வாத்தியம் முழங்க முதல் ரயிலை விட்டார்கள். ஊர் பிழைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் விரைவு ரயிலுக்கான புதுப் பாதையை நாற்பது கிலோமீற்றர் தெற்கே கீறினார்கள். அதோடு கண்ணாடித் தொழிற்சாலை தெற்கே போயிற்று, அதன் பின்னால் இளம் பிள்ளைகள் போனார்கள். மிச்சமிருந்தது முதியவர்களும், ஹைமும், பழைய பாதையில் ஓடும் இரண்டு பெட்டி ரயிலும்தான்.

அந்த ரயில் காலை ஐந்து இரண்டுக்குப் புறப்பட்டு, ஆற்றோடு வளைந்து, பதினொரு நிமிடம் அடுத்த மாநிலத்துக்குள் ஓடி, மறுபடி இந்த மாநிலத்துக்கு வந்து, லிண்டன்ஸ்டெட் என்ற மாவட்ட நகரத்தில் ஐந்து நாற்பதுக்குக் கொண்டுபோய் விடும். லிண்டன்ஸ்டெட்டில் பாண் சுடுகிற ஒரு பெரிய தொழிற்சாலை. அங்கேதான் அரியரத்தினத்துக்கு வேலை. கொதிக்கிற தட்டுகளைச் சூளை வாயிலிருந்து இழுத்து அடுக்க வேண்டும். ஆறு மணிக்கு முறை தொடங்கும். முதல் பேருந்து அங்கே போய்ச் சேருவதே ஏழு நாற்பதுக்கு. ஆக, வேலைக்குப் போவதென்றால் நாளுக்கு இரண்டு தரம் அந்தப் பதினொரு நிமிடக் குற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். அனுமதிச் சீட்டுக் கேட்டுப் போனால், "பேருந்தில் போங்கள்" என்று மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். பேருந்து எத்தனை மணிக்கு என்று அவர்கள் பார்க்கவில்லை.

அவர் மட்டுமல்ல. ஹைமிலிருந்து முப்பத்திரண்டு பேர் அந்த ரயிலை நம்பியிருந்தார்கள். பாதிப்பேர் எங்கள் ஆட்கள். வியட்நாம்காரர், ஈராக்கியர் மிச்சம். எல்லோருக்கும் காவல் யார் என்று கேட்டால், மூன்றாம் மாடிச் சன்னலைத்தான் காட்டுவார்கள்.

ஒழுங்கு இப்படி. அரியரத்தினம் நாலரைக்கே எழும்பி, விளக்குப் போடாமல் மேடையைப் பார்ப்பார். பொலிஸ் சீருடை தெரிந்தால் கைத்தொலைபேசியில் யோசேப்புக்கு ஒரேயொரு றிங் கொடுத்து வெட்டுவார். எடுக்கப்படாது; எடுத்தால் காசு. யோசேப்பு இரண்டாம் மாடி. மன்னார்ப் பக்கத்துப் பொடியன், முப்பது வயது, அதே சூளையில் வேலை. அவன் அடுத்தவருக்கு ஒரு றிங், அவர் அடுத்தவருக்கு. ஐந்து நிமிடத்தில் ஹைம் முழுக்கத் தெரிந்துவிடும்: செக்கிங், ஏற வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு என்றால் ஒழுங்கைக்கு ஒழுங்கை தகவல் போகுமே, அதே பழக்கம்தான். தொலைபேசி மட்டும் புதிது. மூன்று வருடத்தில் ஐந்தாறு தரம் அந்த ஒற்றை றிங் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. அரியரத்தினத்துக்கு அதில் பெருமை, இல்லாமல் என்ன. சங்கக்கடையில் ஆயிரம் குடும்பத்துக்குப் பங்கீடு பார்த்த மனிதனுக்கு, இந்தத் தேசத்தில் உருப்படியாகக் கிடைத்த ஒரே பொறுப்பு அது.

இரண்டாயிரத்து ஆறு, ஒக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை. மேடையில் நாலு பேர் நின்றார்கள். மஞ்சள் அங்கி, கையில் பலகையும் கடதாசியும். நாலே முக்காலுக்கு ரயில் வந்து நின்றதும் இரண்டு பேர் முன்பக்கக் கதவால் ஏறினார்கள், இரண்டு பேர் பின்பக்கக் கதவால். ஏறி, ஒவ்வொரு இருக்கையாக முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கத்தாலும் ஏறி நடுவுக்கு வருவது எதற்கென்று அரியரத்தினத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோசேப்புக்கு றிங் கொடுத்தார்.

"இஞ்சேருங்கோ, என்னவாம்?" என்று தேவமலர் படுக்கையிலிருந்து கேட்டாள்.

"புதுசா ஒரு கூட்டம். மஞ்சள் உடுப்பு. ஆள் ஆளா எழுதுறாங்கள்."

"கடவுளே! அப்ப இண்டைக்குப் போகாதேங்கோ."

செவ்வாய்க்கிழமையும் வந்தார்கள். புதன், வியாழன், வெள்ளி. காலையில் மட்டுமல்ல, மாலை ரயிலிலும் நின்றார்கள். ஹைமிலிருந்து ஒருவரும் ஏறவில்லை. சிலர் காய்ச்சல் என்று சொல்லி நின்றார்கள், சிலர் பேருந்தில் போய்ப் பிந்தி வந்ததற்கு ஏச்சு வாங்கினார்கள். ஒரு கிழமை தானே என்று தொழிற்சாலையிலும் பொறுத்துக்கொண்டார்கள். அந்தக் கிழமை அரியரத்தினம் சன்னலால் பார்த்து ஒரு விஷயத்துக்குச் சிரித்தும் இருக்கிறார். ஊரிலிருந்த கிழவிகளெல்லாம் கூடையும் குடையுமாக விடியற்காலை ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மலர், வந்து பாரும். இதுகளுக்கெல்லாம் இந்த நேரத்திலை எங்கை கலியாணமோ தெரியேல்லை."

சனிக்கிழமை மஞ்சள் அங்கிகள் மறைந்தன. ஹைமில் ஒருவரும் பிடிபடவில்லை. பொதுக் குசினியில் தேவமலர் பருப்பு வடை சுட்டாள். யோசேப்பு எல்லோருக்கும் முன்னால் அரியரத்தினத்தின் கையைப் பிடித்துத் தூக்கி, "எங்கடை ராடார் இவர்தான்" என்றான். வியட்நாம்காரர்கூடக் கை தட்டினார்கள்.

அடுத்த மாதம் பெரிய செய்தி வந்தது. பல வருடமாக டுல்டுங்கோடு இருக்கிறவர்களுக்கு விசா கொடுக்கப் போகிறார்களாம். நீதிமன்றக் குற்றப்பதிவு இருக்கக் கூடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், முக்கியமாக நிரந்தர வேலை இருக்க வேண்டும். கடைசித் தேதி இரண்டாயிரத்து ஏழு செப்டெம்பர் முப்பது. அன்றைக்கு வேலையில் இருந்தால் விசா, இல்லாவிட்டால் இல்லை. விசா கிடைத்தால் ஹைமை விட்டு வெளியே வீடு எடுக்கலாம், மாநிலம் மாநிலமாகப் போகலாம், தபால்காரனைக் கண்டு நெஞ்சு இடிக்காமல் இருக்கலாம். தேவமலர் அன்று அழுதாள். அரியரத்தினத்துக்கு எல்லாம் இருந்தது, கடவுச்சீட்டு ஒன்றுதான் இல்லை. பெர்லினிலிருந்த இலங்கைத் தூதரகத்துக்கு எழுதிப்போட்டார். அது வந்து சேர மாதக்கணக்காகும் என்றார்கள். ஆகட்டுமே, செப்டெம்பருக்கு எவ்வளவு காலம் கிடக்கிறது!

பெப்ரவரியில் ஒரு மத்தியானம், வேலை முடிந்து இறங்கியவர், நிலையத்துக்குள் இருந்த சின்னக் கடையில் ஆதிரைக்குப் பென்சில் வாங்கப் போனார். கடைக்காரி ஃபிராவ் ஹார்டுங். அறுபது வயது, உரத்த குரல், அகதிக்கும் ஊரவனுக்கும் ஒரே விலை, ஒரே சிரிப்பு. அன்று அவள் முகம் வீங்கியிருந்தது. முன்னால் பத்திரிகை விரிந்து கிடந்தது.

"முடிந்துவிட்டது, ஹெர் அரி. ஜூனோடு ரயிலை நிறுத்துகிறார்கள்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மெதுவாக, கைவிரலை மடித்து மடித்துச் சொன்னாள். மாநில அரசு ஒரு கணக்குப் போட்டதாம். நாளுக்கு முந்நூறு பேர் போனால் ரயில் ஓடும், குறைந்தால் நிற்கும். ஒக்டோபரில் ஒரு கிழமை ஆள் எண்ண வந்தார்கள். மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு வந்தார்களே. இவள் வீடு வீடாகப் போய், வேலை இருக்கிறதோ இல்லையோ ரயிலில் ஏறுங்கள் என்று கிழவிகளைக்கூட எழுப்பி அனுப்பினாள். ஹைம் பொறுப்பாளரிடமும் ஒரு அறிவித்தல் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததை அவர் அறிவித்தல் பலகையில் குத்தியும் இருக்கிறார். அந்தப் பலகையில் எட்டு வருடத்தில் ஒரு நல்ல செய்தி ஒட்டியதாகச் சரித்திரம் இல்லை. நகரசபை முத்திரையைக் கண்டால் ஆட்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

"இருநூற்று எழுபத்தினாலு" என்றாள் ஃபிராவ் ஹார்டுங். "இருபத்தாறு பேர் குறைந்துவிட்டது. உங்கள் ஆட்களை நான் முழுதாக நம்பியிருந்தேன். ஹைமில் முப்பது பேர் நாளாந்தம் போகிறார்கள், பயப்பட வேண்டாம் என்று நகரசபையில் எழுந்து நின்று சொன்னேன். அந்தக் கிழமை எங்கே போனீர்கள் எல்லோரும்?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அரியரத்தினம் பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல்" என்றார். "எல்லாருக்கும் காய்ச்சல்."

"அட கடவுளே, அந்தக் கிழமை பார்த்தா வர வேண்டும்" என்றாள் அவள். பென்சிலுக்குக் காசும் வாங்கவில்லை.

ஹைமின் படி ஏறும்போது கணக்குப் பார்த்தார். முப்பத்திரண்டு பேர் ஏறியிருந்தால் முந்நூற்று ஆறு. ஆறு பேர் கூட. ஒரு றிங். தன் விரலால் அமத்தின ஒரு றிங். எட்டு வருடம் ஒரு நல்லதுக்கும் தன்னைக் கேட்காத இந்தத் தேசம், ஒரேயொருமுறை 'நீ இருக்கிறாயா' என்று எண்ண வந்தபோது, தானும் ஒளித்து, முப்பத்தொரு பேரையும் ஒளித்துவைத்த தன் கெட்டித்தனத்தை நினைக்க அவருக்குத் தலையைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. தேவமலரிடம் ரயில் நிற்கப்போகிற செய்தியை மட்டும் சொன்னார். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. யோசேப்பிடமும் சொல்லவில்லை.

செய்தி பரவியதும் ஹைம் குசினியில் ஒரே இரைச்சல். ஜெர்மன்காரருக்குக் கார் இருக்கிறது, அவர்களுக்கென்ன என்று ஒருவர். எங்களைத் துலைக்கத்தான் செய்கிறார்கள் என்று இன்னொருவர். எல்லோரையும்விட உரத்துச் சத்தம் போட்டவள் தேவமலர்தான்.

"நாசமாப் போவாங்கள்! நாற்பது கிலோமீற்றர் தள்ளிப் பளபளவெண்டு றெயில் விடக் காசிருக்கு, இந்த ரெண்டு பெட்டிக்குக் காசில்லையோ? இந்த றெயில்காரர் நல்லாவே இருக்கமாட்டினம்!"

அன்றிலிருந்து அது நாளாந்த வழிபாடுபோல ஆயிற்று. அரிசி கழுவினாலும் திட்டு, கோப்பை கழுவினாலும் திட்டு. அரியரத்தினம் குசினிக்குள் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூன் இரண்டாம் சனி கடைசி ரயில். இயந்திரத்தின் மூக்கில் பூவளையம் கட்டினார்கள். ஊர் வாத்தியக் குழு வாசித்தது. அன்று ஏறியவர்கள் மட்டும் நானூறு பேருக்கு மேல் இருப்பார்கள், நிற்க இடமில்லை. அந்த மஞ்சள் அங்கிக்காரர்கள் அன்று வந்திருக்கக் கூடாதா! அரியரத்தினம் சன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஹைமை விட்டு லிண்டன்ஸ்டெட்டுக்குக் குடிபோகலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிப் போட்டார். விசா இருந்தால் வீடு எடுக்கலாம் என்று பதில் வந்தது. விசாவுக்கு வேலை வேண்டும், வேலைக்குப் போக வீடு வேண்டும், வீட்டுக்கு விசா வேண்டும். பதிலில் கையெழுத்துப் போட்டவர் மரியாதையாக வாழ்த்தும் சொல்லியிருந்தார்.

உவே என்ற சக தொழிலாளி தன் காரில் யோசேப்பையும் அரியரத்தினத்தையும் மூன்று கிழமை ஏற்றிப்போனான். நல்ல மனிதன். ஆனால் ரயில் நின்ற ஊரில் அவன் மனைவிக்கும் வேலை போயிற்று. மருந்துக்கடையை மூடிவிட்டார்கள். ஒருநாள் காரின் பின்னால் வண்டி கொழுவி, கட்டில் மெத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு, உவே ஸ்டுட்கார்ட் பக்கம் போய்விட்டான். பிறகு சைக்கிள். மலைமேலே பழைய எல்லைக் காவலர் ரோந்து போன கொங்கிறீற் பாதை ஒன்று உண்டு. பேருந்து சுற்றிப் போகிற நீளத் தெருவை விட்டால், மாநிலத்தைத் தாண்டாமல் லிண்டன்ஸ்டெட் போக அது ஒன்றுதான் வழி. இருபத்துமூன்று கிலோமீற்றர். கொங்கிறீற் கட்டிகளில் கைப்பிடி அளவு ஓட்டைகள். சில்லு மாட்டினால் ஆள் பறப்பார். நாற்பத்தாறு வயதில், மூன்றரைக்கே எழும்பி, மலை ஏறி இறங்கி, ஆறு மணிக்குக் கொதிக்கிற சூளைக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றார்.

ஜூலையில் கடவுச்சீட்டு வந்தது. அலுவலகம் ஒக்டோபர் நாலாம் திகதிக்கு டெர்மின், அதாவது நேரில் வரச் சொல்லித் தவணை, கொடுத்தது. செப்டெம்பர் முப்பதில் வேலையில் இருந்ததாகக் கடிதம் கொண்டுவந்தால் போதும். இன்னும் பத்துக் கிழமை. தேவமலர் கலண்டரில் நாளை வெட்டி வெட்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் வீங்கியது, நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். இரண்டு தரம் மழையில் பிந்தினார். ஒரு தரம் சில்லு வெடித்து, ஒன்றரை மணித்தியாலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதத்தோடு, ஓகஸ்ட் முப்பத்தொன்றில், மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்கள் நல்ல வேலைக்காரர், எனக்குத் தெரியும். ஆனால் சூளை உங்களுக்காகக் காத்திருக்காது" என்றார்.

"ஒரு மாதம். செப்டெம்பர் மட்டும்" என்று அரியரத்தினம் தெரிந்த ஜெர்மனில் கெஞ்சினார். கையைக்கூடக் கூப்பினார். அந்தக் கையைப் பார்க்க மேலாளருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசேப்புக்கு அதற்கு இரண்டு கிழமை முந்தியே வேலை போயிருந்தது. செப்டெம்பர் முழுக்க இருவரும் லிண்டன்ஸ்டெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். டுல்டுங்கைக் கண்டதும் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம் யோசேப்பு ஒரு தோள்பையோடு பதினேழாம் அறைக்கு வந்தான்.

"அண்ணை, நான் பாரிசுக்குப் போறன். அங்கை ஒருத்தன் இருக்கிறான். இஞ்சை இருந்தா பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

"களவாயே?"

"வேறை என்ன வழி? பிள்ளை குட்டி இருக்கிற உங்களுக்கு ஏதும் இரங்குவாங்கள். தனியாளுக்கு ஆர் இரங்குறது?" என்று சொல்லிவிட்டு அவன் அரியரத்தினத்தின் கையைப் பிடித்தான். "உங்கடை றிங் இல்லாட்டி நான் எப்பவோ பிடிபட்டு இருப்பன் அண்ணை. அதைச் சாகும் மட்டும் மறக்கமாட்டன்."

சொல்லடா, இப்பவாவது சொல்லடா என்று அரியரத்தினத்துக்கு உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது. "கவனமாப் போ" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

ஒக்டோபர் நாலாம் திகதி அரியரத்தினமும் தேவமலரும் பேருந்தில் லிண்டன்ஸ்டெட் போனார்கள். அலுவலகத்தில் இவர்களுடைய கோப்பைப் பார்த்தவள் ஓர் இளம் பெண். கெட்டவளல்ல. ஆதிரையின் பள்ளிக்கூட அறிக்கையைப் பார்த்து, "கணிதத்தில் ஒன்றா!" என்று புருவம் உயர்த்தினாள். அந்த நாட்டில் ஒன்றுதான் ஆகக் கூடிய புள்ளி. பிறகு வேலைக் கடிதத்தைத் தேடினாள். பணிநீக்கக் கடிதம்தான் இருந்தது.

தேவமலரின் ஜெர்மன் கணவருடையதைவிட நல்லது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களுக்குப் போய்ப் போய்ப் படித்தது. எல்லா டெர்மினுக்கும் அவள்தான் மொழிபெயர்ப்பு. அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, ஒரு கேள்வி கேட்டாள்.

தேவமலர் கணவர் பக்கம் திரும்பினாள். "வேலை போனது உங்கடை பிழையாலையோ எண்டு கேக்கிறா. ஓமோ, இல்லையோ எண்டு எழுத வேணுமாம்."

ஓம், இல்லை, இரண்டில் ஒன்று. அதற்குமேல் அரியரத்தினத்தால் ஏலாமல் போயிற்று. எட்டு மாதம் அடைத்து வைத்தது அந்த அலுவலகக் கதிரையில் உடைத்துக்கொண்டு வந்தது.

"என்ரை பிழைதான் மலர். முழுக்க என்ரை பிழை. அண்டைக்கு மஞ்சள் உடுப்போடை வந்தவங்கள் பொலிஸ் இல்லை. றெயிலிலை எத்தினை பேர் போகினம் எண்டு எண்ண வந்தவங்கள். நான்தான் எல்லாரையும் மறிச்சனான். நாங்கள் முப்பத்திரண்டு பேரும் ஏறியிருந்தா றெயில் நிண்டிராது. யோசேப்பு போயிருக்கமாட்டான். அந்த ஹார்டுங் மனிசி ஸ்டேசன் கடையைப் பூட்டியிருக்காது. உம்மை, பிள்ளையை, எல்லாரையும் நான்தான் கெடுத்தனான். ஓம் எண்டு சொல்லும். உள்ளதை எழுதட்டும்."

கண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்தாள்.

தேவமலர் கைப்பையை மடியில் நேராக வைத்தாள். அவளிடம் திரும்பினாள்.

"நைன்" என்றாள்.

"அவர் நிறையச் சொன்னாரே?"

"ரயில் நிறுத்தியதைப் பற்றிக் கவலைப்படுகிறார். அவர் பிழை இல்லை."

அந்தப் பெண் 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். பிறகு, இப்படிச் சொல்வதற்கு உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டு சொன்னாள்: படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது, அதனால் கேட்டேன். பதில் எதுவானாலும் முடிவு மாறாது. முப்பதாம் திகதி வேலை இல்லை, ஆகவே விண்ணப்பம் தள்ளுபடி. டுல்டுங்கை மூன்று மாதத்துக்கு நீட்டித் தருகிறேன். முத்திரை விழுந்தது.

வெளியே பேருந்து தரிப்பிடத்தில் வாங்கு ஒன்று இருந்தது. அரியரத்தினம் அதில் இருந்தார். அவள் நின்றாள். அவள் கத்துவாள், கத்தினால் நல்லது என்று காத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் தேவமலர்.

"என்ன?"

"பெப்ரவரியிலேயே தெரியும். ஆதிரையின்ரை பள்ளிக்கூடத்திலை ரீச்சர் பேப்பரை வாசிச்சுச் சொன்னவ. மஞ்சள் உடுப்பு எண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு."

"தெரிஞ்சுகொண்டோ அந்த றெயில்காரரை நாள் முழுக்கத் திட்டினனீர்?"

"பின்னை?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்தக் குசினியிலை முப்பது பேர் நிண்டவை. ஆரும் ஒருத்தர் யோசிக்கத் தொடங்கினா, உங்களைத்தான் திட்டுவினம். நான் சத்தம் போட்டுக்கொண்டு நிண்டா ஆருக்கும் யோசிக்க நேரமிராது. அதுதான் திட்டினனான். தொண்டை நோகத் திட்டினனான்."

பேருந்து வந்தது. அவர் எழும்ப முயன்றார், முழங்கால் மடங்கியது. அவள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். வால்டன்ரோடே என்று அவள் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, அடுத்த வருடத்திலிருந்து இந்தப் பேருந்தும் அங்கே போகாது, தெரியுமா என்று கேட்டார். தேவமலர் தெரியும் என்று சொல்லி இரண்டு சீட்டு வாங்கினாள்.